நண்பர் குழுவின் நகைத்திரை

நுழையும்முன்

பெரும்பொருள், புகழ்பெற்ற நடிகர், படப்பிடிப்புத் தளம் ஆகிய மூன்றும் இன்றித் திரைப்படம் எடுக்க இயலுமா? இயலும் என்பதற்கு உலகின் பல ஊர்களில் வாழ்ந்த நண்பர் குழுக்களே சான்று. பலரும் அறிந்த படங்களைப் பகடி செய்து, சிறு படங்களாக எடுத்து, நகைச்சுவை மேடை நிகழ்ச்சிகளின் இடையே காட்டி மகிழ்ந்தோர் பலர். சிரிப்பை மட்டும் நாடித் தொடங்கிய அவர்களுள் சிலர், திரைக்கலையின் இலக்கணத்தையே கற்றுத் தேர்ந்தனர். அக்கலையின் வரலாறு, செய்முறை, பொறுப்பு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பகடி என்னும் கலை

ஒரு படைப்பின் நடையையும் அமைப்பையும் அப்படியே பின்பற்றி, அதற்குப் பொருந்தாத பொருளை அதனுள் வைத்துச் சிரிப்பை விளைவிப்பது பகடி. சான்றாக, துப்பறியும் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இருண்ட தெரு, மழை, நீண்ட மேலங்கி அணிந்த துப்பறிவாளர், நெஞ்சைப் பதறவைக்கும் இசை ஆகியவை அதன் அடையாளங்கள். இவை அனைத்தையும் மாற்றாமல் வைத்துக்கொண்டு, களவுபோன பொருள் வைரம் அன்று, ஒரு பழைய குடை என்று மட்டும் மாற்றினால் அது பகடியாகிவிடும். வடிவம் பெரிது, பொருள் சிறிது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள பொருந்தாமையே நகைப்புக்குக் காரணம்.

இக்கலை மிகப் பழைமையானது. கிரேக்க மொழியில் 'பரோடியா' என்னும் சொல், ஒரு பாட்டின் பக்கத்தே வைத்துப் பாடப்படும் மற்றொரு பாட்டைக் குறித்தது. தாசோஸ் தீவைச் சேர்ந்த ஹெகேமான் என்பவரைப் பகடிப் பாடல்களை முதலில் இயற்றியவராக அரிஸ்டாட்டில் தம் கவிதையியல் நூலில் குறிப்பிடுகிறார். கி.மு. 405இல் அரங்கேறிய 'தவளைகள்' என்னும் நாடகத்தில் அரிஸ்டோஃபனீஸ், ஈஸ்கிலஸ், யூரிப்பிடீஸ் ஆகிய இரு பெரும் நாடக ஆசிரியர்களைக் கீழுலகில் வாதிட வைத்து, இருவருடைய நடையையும் பகடி செய்தார். அங்கே கூடியிருந்த மக்கள் அவ்விருவரின் நாடகங்களை முன்பே அறிந்திருந்தமையால்தான் அப்பகடி வெற்றி பெற்றது. மூலத்தை அறியாதவருக்குப் பகடி இல்லை என்னும் விதி அன்றும் இன்றும் ஒன்றே.

தெரிந்து தெளிவோம்

நகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதலாவதாக வைத்துத் தொல்காப்பியம் கூறுகிறது. வெளிப்படையாகப் பழிப்பதைச் செம்பொருள் அங்கதம் என்றும், மறைத்துப் பழிப்பதைப் பழிகரப்பு அங்கதம் என்றும் செய்யுளியல் பிரித்துக் காட்டுகிறது. அங்கதத்தின் இலக்கு குற்றம். பகடியின் இலக்கு ஒரு படைப்பின் வடிவம். பகடி சில வேளைகளில் அங்கதத்தின் கருவியாகவும் அமையும்.

திரையில் தோன்றிய தொடக்ககாலப் பகடி

திரைப்படம் தோன்றிய சில ஆண்டுகளிலேயே திரைப்பகடியும் தோன்றிவிட்டது. அமெரிக்க இயக்குநர் எட்வின் போர்ட்டர் 1903இல் 'தி கிரேட் டிரெயின் ராபரி' என்னும் படத்தை எடுத்தார். கொள்ளையர் தொடர்வண்டியை மறித்துப் பொருளைக் கவர்ந்து செல்வதும், அவர்களைத் துரத்திச் சென்று சுட்டு வீழ்த்துவதும் அதன் கதை. மக்கள் அதனைப் பெரிதும் விரும்பிப் பார்த்தனர். ஈராண்டுகள் கழித்து, 1905இல், அதே போர்ட்டர் தம் படத்தையே பகடி செய்து 'தி லிட்டில் டிரெயின் ராபரி' என்னும் சிறுபடத்தை எடுத்தார். அதில் கொள்ளையர் அனைவரும் குழந்தைகள். அவர்கள் ஏறிவந்தவை மட்டக் குதிரைகள். மறிக்கப்பட்டது பொம்மை போன்ற சிறிய தொடர்வண்டி. கொள்ளையடிக்கப்பட்டவை மிட்டாயும் பொம்மைகளும்.

பகடிப்படம் எடுக்க விரும்புவோர் கற்க வேண்டிய முதற்பாடம் இதில் உள்ளது. கதையமைப்பைப் போர்ட்டர் சிதைக்கவில்லை. அளவை மட்டுமே சுருக்கினார். பெரியதைச் சிறியதாக்குவது சிரிப்பையும் தரும், செலவையும் குறைக்கும்.

மேடையும் திரையும் இணைந்த அரங்கு

ஒளிநாடாவில் படம்பிடிக்கும் கருவிகள் தனிமனிதர் கையாளும் அளவிற்குச் சிறுத்தது 1960களின் பிற்பகுதியில்தான். அக்காலத்தில் நியூயார்க் நகரில் கென் ஷபிரோவும் அவர்தம் நண்பர்களும் 'சேனல் ஒன்' என்னும் சிறிய அரங்கை நடத்தினர். அங்கே தொலைக்காட்சிப் பெட்டிகளில், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையே பகடி செய்த காட்சிகள் ஓடின. அவற்றின் வளர்ச்சியாக 1974இல் 'தி குரூவ் டியூப்' என்னும் திரைப்படம் வெளிவந்தது.

இதே வழியில் தொடங்கிப் பெரும்புகழ் எய்திய குழு விஸ்கான்சின் மாநிலத்தில் தோன்றியது. டேவிட் ஜக்கர், ஜெர்ரி ஜக்கர் ஆகிய உடன்பிறந்தார் இருவரும், நண்பர்களான ஜிம் ஆபிரகாம்ஸ், டிக் சட்னோ ஆகியோரும் 1971இல் மேடிசன் நகரில், ஒரு புத்தகக் கடையின் பின்கட்டில் சிறிய அரங்கை அமைத்தனர். அதற்குக் 'கென்டக்கி ஃபிரைடு தியேட்டர்' என்று பெயரிட்டனர். கோழி வறுவலுக்குப் பெயர்போன உணவகம் ஒன்றன் பெயரைத் திரித்து வைத்த அப்பெயரே ஒரு பகடிதான்.

அவ்வரங்கில் நேரடி நடிப்பும் ஒளிநாடாக் காட்சிகளும் கலந்து இடம்பெற்றன. விளம்பரங்கள், செய்தியறிக்கைகள், திரைப்படங்கள் ஆகியவற்றைப் பகடி செய்தனர். எழுதியவர்களே நடித்தனர், நடித்தவர்களே படமும் பிடித்தனர். 1972இல் குழு லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்து அங்கும் தன் நிகழ்ச்சியைத் தொடர்ந்து நடத்தியது.

மேடை நிகழ்ச்சியின் நடுவே படம் எதற்கு என்னும் வினா எழலாம். அதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, மேடையில் காட்ட இயலாதவற்றைப் படம் காட்டும். ஓடும் ஊர்தி, வெட்டவெளி, ஒரு முகத்தின் சிறு அசைவு ஆகியவை மேடைக்கு எட்டாதவை. இரண்டாவது, படம் ஓடும் மூன்று நிமிடத்தில் நடிகர்கள் அடுத்த காட்சிக்கு உடைமாற்றிக்கொள்ளலாம். மூன்றாவது, திரைக்கும் மேடைக்கும் இடையிலான உறவே ஒரு நகைப்பொருளாகும். திரையில் கதவைத் திறந்து வெளியேறும் துப்பறிவாளர், அதே கணத்தில் நனைந்த மேலங்கியுடன் மேடையில் வந்து நின்றால் அவையோர் வியந்து சிரிப்பர்.

உருவாக்கும் முறை

பகடிப்படத்தின் முதற்பணி மூலத்தைத் தேர்ந்தெடுப்பது. அவையோருள் பெரும்பாலோர் அறிந்த படமாக அது இருத்தல் வேண்டும். தனிப்படத்தைவிடப் படவகையைத் தேர்ந்தெடுப்பது எளிது. துப்பறியும் படம், பேய்ப்படம், போர்ப்படம் போன்றவற்றின் அடையாளங்களை ஒரு படத்தையும் முழுமையாகப் பார்க்காதவரும் அறிவர்.

இரண்டாவது பணி, மூலத்தை ஊன்றிப் பார்ப்பது. சிரிப்பதற்காக அன்று, கற்பதற்காகப் பார்த்தல் வேண்டும். எந்த இடத்தில் அண்மைக் காட்சித்துணிப்பு வருகிறது, இசை எப்போது நிற்கிறது, உரையாடலுக்கு இடையே எவ்வளவு இடைவெளி உள்ளது என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூலத்தின் இலக்கணம் தெரியாமல் எடுக்கப்படும் பகடி வெறுங் கூத்தாகச் சிதறிவிடும்.

மூன்றாவது பணி எழுத்து. பகடிப்படத்திற்கு ஒரே ஒரு கருத்து போதும். களவுபோனது குடை என்பதே கருத்தானால், எல்லாக் காட்சியும் அந்தக் குடையைச் சுற்றியே அமைதல் வேண்டும். சாட்சிகள் விசாரிக்கப்படலாம், குடைக்கம்பி தடயமாகலாம், மழை வந்ததும் ஐயத்திற்குரியவர் நனைவதால் அவர் குற்றமற்றவர் என்பது உறுதிப்படலாம். ஒவ்வோர் அடியிலும் நகை வளர்ந்து செல்ல வேண்டும். வளராத இடத்தில் படம் முடிந்துவிட வேண்டும். மேடைக்கான படம் இரண்டு மூன்று நிமிடங்களைத் தாண்டாமல் இருப்பது நன்று.

நான்காவது பணி நடிப்பு. நகைச்சுவைப் படத்தில் நடிப்பவர் தாம் நகைச்சுவையில் நடிப்பதை மறந்துவிட வேண்டும். குடையைத் தேடுபவருக்கு அது உலகத்திலேயே பெரிய சிக்கலாகத் தோன்ற வேண்டும். அவர் புன்னகைத்த நொடியில் அவையோரின் சிரிப்பு நின்றுவிடும். நண்பர்கள் கூடிப் படமெடுக்கையில் கடைப்பிடிப்பதற்கு மிகக் கடினமான விதியும் இதுவே. கருவியின் பின்னால் நிற்பவரின் சிரிப்பொலி பதிவாகிக் கெட்டுப்போகும் காட்சிகள் பல.

ஐந்தாவது பணி ஒலியும் தொகுப்பும். மங்கலான படத்தை அவையோர் பொறுத்துக்கொள்வர். கேட்காத உரையாடலைப் பொறுக்கமாட்டார். ஆகவே சிறுமுதலில் எடுப்போர் பொருளைச் செலவிடத்தக்க முதல் இடம் ஒலி. பகலொளி செலவின்றிக் கிடைக்கிறது. வீடும் தெருவும் உரியவர் இசைவுடன் படப்பிடிப்புத் தளமாகின்றன. தொகுப்பில் ஒரு நொடியைக் கூட்டினாலும் குறைத்தாலும் நகைச்சுவை கெடக்கூடும். அவையோர் சிரிக்கும் நேரத்தில் அடுத்த உரையாடல் காதில் விழாது. ஆதலால் சிரிப்புக்குப் பின் சிறு இடைவெளி விடுவதும் தொகுப்பாளரின் கடமையாகும்.

அவையே ஆசான்

திரையரங்கில் ஓடும் படத்தைத் திருத்த இயலாது. மேடை நிகழ்ச்சிக்காக எடுத்த படத்தையோ ஒவ்வோர் இரவும் திருத்தலாம். சிரிப்பு எழாத காட்சி மறுநாள் நீக்கப்படும். எதிர்பாராத இடத்தில் எழுந்த சிரிப்பு அடுத்த படத்திற்கு விதையாகும். அவையின் அமைதியைப் போலக் கண்டிப்பான திறனாய்வாளர் வேறொருவர் இலர்.

கென்டக்கி ஃபிரைடு தியேட்டர் குழுவினர் ஆண்டுக்கணக்கில் இப்பயிற்சியைப் பெற்றனர். அதன் பயனாக, தங்கள் மேடைக் காட்சிகளைத் திரைப்படமாக்க முயன்றனர். துணுக்குக் காட்சிகளின் தொகுப்பை மக்கள் விரும்பமாட்டார் என்று கருதிப் பெரிய நிறுவனங்கள் மறுத்தன. குழுவினர் மாதிரியாக ஒரு சிறுபடத்தை எடுத்துக் காட்டி ஆதரவு தேடினர். ஜான் லேண்டிஸ் இயக்கத்தில் 'தி கென்டக்கி ஃபிரைடு மூவி' 1977இல் வெளிவந்தது. அதன் செலவு ஏறத்தாழ ஆறரை இலட்சம் டாலர்; திரைப்படக் கணக்கில் அது மிகச் சிறிய தொகை. புரூஸ் லீ நடித்த 'என்டர் தி டிராகன்' படத்தின் பகடி அதன் நடுப்பகுதியாக அமைந்தது.

அடுத்த படத்திற்கான வித்தும் மேடைப் பணியிலேயே கிடைத்தது. விளம்பரங்களைப் பகடி செய்வதற்காக அவர்கள் பின்னிரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை ஒளிநாடாவில் பதிவு செய்வது வழக்கம். அவ்வாறு பதிவானவற்றுள் 1957இல் வெளிவந்த 'ஜீரோ அவர்!' என்னும் படமும் இருந்தது. விமானத்தில் உணவு நஞ்சாகி விமானிகள் மயங்கிவிட, போரின் நினைவுகளால் அஞ்சி வாழும் முன்னாள் விமானி ஒருவர் விமானத்தைத் தரையிறக்கும் கதை அது. சிறிதும் சிரிப்பை நாடாத அந்தப் படத்தின் கட்டுக்கோப்பே பகடிக்கு ஏற்றது என்று நண்பர்கள் உணர்ந்தனர். மூன்று நண்பர்களும் சேர்ந்து எழுதி இயக்கிய 'ஏர்பிளேன்!' 1980இல் வெளிவந்தது. நாயகனின் பெயரைக்கூட அவர்கள் பெரிதும் மாற்றவில்லை.

அப்படத்தில் லெஸ்லி நீல்சன், ராபர்ட் ஸ்டாக், பீட்டர் கிரேவ்ஸ், லாயிட் பிரிட்ஜஸ் ஆகியோர் நடித்தனர். இவர்கள் அதுவரை கடுமையான வேடங்களுக்கே பெயர்பெற்றவர்கள். சிரிக்காமல் நடிப்பவரே சிரிக்கவைப்பார் என்று மேடையில் கற்ற பாடத்தை நண்பர்கள் இங்கே நிறைவேற்றினர். ஏறத்தாழ 35 இலட்சம் டாலரில் எடுக்கப்பட்ட அப்படம் அமெரிக்காவில் மட்டும் 8 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. 2010இல் அமெரிக்க நாட்டின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. புத்தகக் கடையின் பின்கட்டில் தொடங்கிய பயணம் அது.

இன்மையே வளமாதல்

சிறுமுதல் பகடிப்படத்திற்கு இடையூறாக மட்டும் அமைவதில்லை. பல நேரங்களில் அதுவே வளமாகிறது. பெரும்படத்தில் நூறு குதிரைகள் ஓடிய இடத்தில் இரண்டு மிதிவண்டிகள் வந்தால், விளக்கம் எதுவும் இன்றியே நகை பிறக்கும். இதற்கு இந்தியாவிலேயே சிறந்த சான்று உண்டு.

மகாராட்டிர மாநிலத்தின் நாசிக் மாவட்டத்திலுள்ள மாலேகாவ், விசைத்தறிகளால் வாழும் ஊர். அங்கே வெள்ளிக்கிழமை தறிகளுக்கு ஓய்வு. அன்றுதான் தொழிலாளர் படம் பார்ப்பர். சிறிய ஒளிநாடாத் திரையரங்கை நடத்திய நாசிர் ஷேக், இரண்டு ஒளிநாடாக் கருவிகளைக் கொண்டு படத்தொகுப்பைத் தாமே கற்றுக்கொண்டவர். அவர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, 'ஷோலே' படத்தைப் பகடி செய்து 'மாலேகாவ் கே ஷோலே' என்னும் படத்தை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதற்கான செலவு ஏறத்தாழ 50,000 ரூபாய். குதிரைகளின் இடத்தில் மிதிவண்டிகள் ஓடின. தண்டவாளத்தின்மேல் நகரும் படப்பிடிப்புக் கருவிக்கு மாற்றாக மிதிவண்டியும், பாரந்தூக்கிக்கு மாற்றாக மாட்டுவண்டியும் பயன்பட்டன. மூலப்படத்தைப் போற்றிய அதே மக்கள் இதனையும் கூட்டங்கூட்டமாகச் சென்று பார்த்தனர்.

பின்னர் அக்குழுவினர் 'மாலேகாவ் கா சூப்பர்மேன்' என்னும் படத்தை எடுத்தனர். மெலிந்த உடல்வாகு கொண்ட விசைத்தறித் தொழிலாளி ஷஃபீக் ஷேக் அதன் நாயகன். பச்சைத் துணியைப் பின்னணியாகக் கட்டிப் படம்பிடித்து, கணினியின் துணையால் அவரை வானில் பறக்கவைத்தனர். அப்படம் உருவான கதையை ஃபைசா அகமது கான் 'சூப்பர்மென் ஆஃப் மாலேகாவ்' என்னும் ஆவணப்படமாக எடுத்தார். 2024இல் ரீமா காக்டி அதே நண்பர்களின் வாழ்க்கையைத் தழுவிக் கதைப்படம் ஒன்றை இயக்கினார்.

2006, 2008 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளால் உயிர்களை இழந்து துயருற்ற ஊர் மாலேகாவ். செய்தித்தாள்களில் அவ்வூரின் பெயர் அச்சத்தோடு அச்சிடப்பட்ட காலத்தில், அங்கு வாழ்ந்தோர் தம்மைப் பற்றித் தாமே சொல்ல விரும்பிய கதை வேறாக இருந்தது. பகல் முழுதும் தறியின் ஓசையில் உழைப்பவருக்குத் தம் தெருவும், தம் பேச்சும், தம் அண்டைவீட்டாரின் முகமும் திரையில் தோன்றுவது சிறிய மகிழ்ச்சி அன்று. ஷஃபீக் ஷேக் புற்றுநோயால் காலமானார். கையளவு பொருளில் நண்பர்கள் எடுத்த படத்தில் அவர் இன்றும் தம் ஊரின்மேல் பறந்துகொண்டிருக்கிறார்.

எல்லையும் பொறுப்பும்

பகடி கூரிய கருவி. அதனைக் கையாள்வோருக்குப் பொறுப்பு வேண்டும். யாரை நோக்கிச் சிரிக்கிறோம் என்பதே முதல் வினா. வலிமையுடையதை எளியவர் பகடி செய்தால் அது கலை. எளியவரின் உடற்குறை, நிறம், சாதி, மொழி, பால் ஆகியவற்றை வலியவர் கேலி செய்தால் அது கொடுமை. 1970களின் அமெரிக்கப் பகடிப்படங்களில் பிற இனத்தாரையும் பெண்களையும் கேலிக்குள்ளாக்கிய இடங்கள் உள்ளன. அன்று சிரிப்பொலி எழுந்த அவ்விடங்கள் இன்று முகஞ்சுளிக்க வைக்கின்றன. மாலேகாவ் படங்களில் வறுமை நகைக்கப்படவில்லை. வறுமை அறியாத பெரும்படங்களின் மிகையே நகைக்கப்பட்டது.

இரண்டாவது, உரிமை பற்றியது. 1994இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், பகடியும் நியாயமான பயன்பாடாக அமையலாம் என்று ஒரு பாடல் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, திறனாய்வு முதலியவற்றுக்கான நியாயமான பயன்பாட்டிற்கு இடம் தருகிறது. எனினும் எல்லாப் படியெடுப்பும் பகடி ஆகாது. 'ஜீரோ அவர்!' படத்தின் கதையை நெருக்கமாகப் பின்பற்றியமையால் 'ஏர்பிளேன்!' குழுவினர் அதன் உரிமையை முறையாக விலைகொடுத்து வாங்கினர். பிறர் இசையையும் காட்சிகளையும் அப்படியே எடுத்தாளாமல், தாமே புதிதாக உருவாக்குவது மாணவர் குழுக்களுக்கு ஏற்ற வழி.

மூன்றாவது, நட்பு பற்றியது. ஊதியம் பெறாமல் உழைக்கும் நண்பருக்குரிய ஊதியம் மதிப்புதான். படத்தில் தோன்றும் ஒவ்வொருவரின் இசைவையும் பெறுதல் வேண்டும். வேண்டாம் என்று ஒருவர் கூறிய காட்சி எவ்வளவு நகைப்புக்குரியதாயினும் நீக்கப்படல் வேண்டும். ஒரு சிரிப்புக்காக உயரத்திலிருந்து குதிப்பதும், ஓடும் ஊர்தியில் தொங்குவதும் கூடா. உழைத்த அனைவரின் பெயரும் இறுதியில் திரையில் வருதல் வேண்டும்.

நகைப்பினுள் கல்வி

பகடிப்படம் எடுப்பவர் முதலில் மூலத்தின் மாணவர். மூலத்தை வெறுப்பவரால் நல்ல பகடியைப் படைக்க முடியாது. அதன் ஒவ்வொரு காட்சித்துணிப்பையும் பலமுறை பார்த்து, அது தம்மை எவ்வாறு அழவைத்தது, எவ்வாறு அஞ்சவைத்தது என்று ஆராய்ந்தவரே அந்த நுட்பத்தைத் தலைகீழாக்கிக் காட்டுகிறார். பகடியைக் கற்றவர் விளம்பரத்தின் இனிய குரலையும், மேடைப்பேச்சின் வெற்று முழக்கத்தையும் கேட்கும்போது அவற்றின் கட்டமைப்பை அறிந்து கேட்பார், எளிதில் மயங்கமாட்டார்.

இன்று ஒரு கைப்பேசி, அன்றைய ஒளிநாடாக் கருவிகள் செய்த பணியைவிடக் கூடுதலான பணியைச் செய்கிறது. கருவி கைக்கு வந்துவிட்டது. பொறுமையோடு மூலத்தைப் பயில்வதும், ஒரு கருத்தை விடாது வளர்ப்பதும், அவை அமைதியாக இருந்த இடத்தைத் தயங்காமல் வெட்டி எறிவதும் இன்னும் மனிதர் கையில்தான் உள்ளன. அவற்றைத் தனியே கற்பது கடினம். நண்பர் நால்வர் கூடினால் ஒருவர் எழுதுவார், ஒருவர் நடிப்பார், ஒருவர் படம்பிடிப்பார். நான்காமவர் சிரிக்காமல் உட்கார்ந்து, இந்த இடம் நன்றாக இல்லை என்று சொல்வார். குழுவிற்கு மிகவும் தேவையானவர் அந்த நான்காமவரே.